பலகையிலிருந்து ஒரு டைனோசர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் நடக்கும் நாட்களில், ரத வீதிகளின் ஓரமெல்லாம் விளையாட்டுச் சாமான் கடைகள் முளைத்துவிடுகின்றன. ஊதல், பலூன், பிளாஸ்டிக் கார் இவற்றுக்கு நடுவே ஒரு தட்டையான அட்டைப் பெட்டியையும் நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளே மெல்லிய பலகை ஒன்று இருக்கும். அதில் முன்கூட்டியே வெட்டிவைத்த துண்டுகளை விரலால் அழுத்தி எடுத்து, ஒன்றோடொன்று செருகிக்கொண்டே போனால், ஆணியும் இல்லாமல் பசையும் இல்லாமல் ஒரு டைனோசரின் எலும்புக்கூடு மேசைமீது எழுந்து நிற்கும்.

இத்தகைய புதிரை நாமே செய்ய முடியுமா? முடியும். கிருஷ்ணன்கோவிலில் என் வீட்டு மேசைமேல் இருக்கும் ஒரு சிறிய எந்திரம் இதை முக்கால் மணி நேரத்தில் வெட்டித் தருகிறது. எப்படி என்று பார்ப்போம். ஆனால் செய்து முடித்த பிறகு, பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் கேட்ட ஒரு கேள்வி என்னை வெட்டுவதை நிறுத்திவிட்டுப் படிக்க வைத்தது. அந்தக் கேள்வியையும் சொல்லாமல் விட முடியாது.

முதலில் பொம்மையின் அமைப்பைக் கவனியுங்கள். தலையிலிருந்து வால் நுனிவரை பக்கவாட்டுத் தோற்றத்தில் வெட்டிய ஒரு நீண்ட துண்டு உண்டு. இதை முதுகுப் பலகை என்போம். விலா எலும்புகள் ஒவ்வொரு சோடியும் ஒரே துண்டு. கவட்டைக் கம்பைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற வடிவம். முதுகுப் பலகையின் மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு பிளவு. விலாத் துண்டின் கவட்டிலிருந்து மேல்நோக்கி ஒரு பிளவு. தச்சர்கள் இதைக் காடி என்பார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பலகையின் உயரம் 12 மி.மீ. என்றால், ஒவ்வொன்றிலும் 6 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்தால் போதும். ஒன்றை ஒன்று விழுங்கி இரண்டும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிடித்து நிறுத்துவது உராய்வு மட்டுமே. எனவே காடியின் அகலம்தான் இந்தப் பொம்மையின் உயிர்நிலை.

இனி எந்திரத்துக்கு வருவோம். இதற்கு சி.என்.சி. ரவுட்டர் என்று பெயர். கணினி தரும் எண்களால் இயங்கும் வெட்டும் எந்திரம் என்று பொருள் கொள்ளலாம். பெரிய தொழிற்சாலைகளில் இரும்பை வெட்டுகின்ற ராட்சத எந்திரங்களின் தம்பி இது. 30 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் உள்ள பரப்பில் வேலை செய்யக்கூடிய மாதிரிகள் பொழுதுபோக்காகச் செய்பவர்களிடையே பரவலாகப் புழங்குகின்றன. மேலே வேகமாகச் சுழலும் ஒரு மோட்டார்; அதன் நுனியில் பென்சில் முனைபோல் ஒரு வெட்டுமுனை. இது இடவலமாக, முன்பின்னாக, மேல்கீழாக என மூன்று திசைகளில் நகரும். வரைபடத் தாளில் நீங்கள் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு போட்டுப் புள்ளி குறிக்கிறீர்கள் அல்லவா? அதையே இந்த எந்திரம் பலகைமீது செய்கிறது. மூன்றாவதாக, ஆழத்துக்கென்று ஓர் இசட் அச்சு. ‘இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு, இவ்வளவு வேகத்தில் போ’ என்பது போன்ற ஆயிரக்கணக்கான கட்டளைகளைக் கணினி வரிசையாக அனுப்புகிறது. இந்தக் கட்டளை மொழிக்கு ஜி-கோடு என்று பெயர்.

ஒவ்வோர் அச்சையும் நகர்த்துவது ஒரு படிநிலை மோட்டார். சாதாரண மின்விசிறி மோட்டார்போல் இது விடாமல் சுற்றாது. ஒரு மின்துடிப்பு கொடுத்தால் 1.8 டிகிரி திரும்பி நிற்கும். ஆக ஒரு முழுச்சுற்றுக்கு 200 படிகள். மோட்டாரோடு இணைந்த திருகு ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் என்றால், ஒரு படிக்கு எவ்வளவு? 8-ஐ 200-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.04 மி.மீ.! உங்கள் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. படிகளையும் மின்சுற்று மூலம் மேலும் கூறுபோட முடியும். ஆயினும் திருகுக்கும் மரைக்கும் இடையிலுள்ள தளர்வு, வெட்டுமுனையின் வளைவு இவற்றையெல்லாம் கழித்தால், பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை இதை நம்பலாம் என்பது என் அனுபவம். ஆய்வகத்தில் திருகு அளவியை ஒரு திசையிலேயே திருகிக்கொண்டு போகச் சொல்கிறார்களே, ஏன் தெரியுமா? அங்கேயும் இதே தளர்வுதான் காரணம்.

வெட்டும் வேகத்திலும் ஒரு கணக்கு உண்டு. வெட்டுமுனை நிமிடத்துக்கு 10,000 முறை சுழல்கிறது. அதில் இரண்டு வெட்டுப் பற்கள் உள்ளன. நிமிடத்துக்கு 600 மி.மீ. முன்னேறுகிறது என்று கொள்வோம். ஒரு பல் ஒரு தடவையில் சீவும் செதிலின் கனம் 600 ÷ 20,000 = 0.03 மி.மீ. ‘மெதுவாகப் போனால் நல்லதுதானே’ என்று நினைத்து 100 மி.மீ. வேகத்தில் விட்டால் என்ன ஆகும்? பற்கள் சீவுவதற்குப் பதிலாகத் தேய்க்கத் தொடங்கும். தேய்த்தால் வெப்பம். மரம் கருகும் வாசனை வீடெல்லாம் வரும். நிதானம் எப்போதும் நன்மை தராது என்பதை இந்த எந்திரம் எனக்குப் புகையோடு சொல்லிக் கொடுத்தது. (கண்ணாடி, மூக்குக் கவசம் இரண்டும் அணியாமல் இதன் அருகில் போகவே கூடாது. நுண்ணிய மரத்தூள் நுரையீரலுக்கு நண்பன் அல்ல.)

முதல் தோல்வியும் இரண்டாம் தோல்வியும்

கடையில் ‘மூன்று மில்லி’ என்று சொல்லிக் கொடுத்த ஒட்டுப் பலகையை வாங்கிவந்தேன். படத்தில் காடிகளை எல்லாம் சரியாக 3 மி.மீ. அகலத்துக்கு வரைந்தேன். எந்திரமும் சொன்னபடி வெட்டியது. செருகிப் பார்த்தால் விலா எலும்புகள் குடிகாரனைப்போல் இருபுறமும் ஆடின. ஒரு தட்டு தட்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தன.

இயற்பியல் சொல்லிக் கொடுப்பவன் முதலில் செய்திருக்க வேண்டியதைப் பிறகுதான் செய்தேன். திருகு அளவியை எடுத்துப் பலகையை அளந்தேன். ஓரிடத்தில் 2.75 மி.மீ.; இன்னோரிடத்தில் 2.90. பெயர்தான் மூன்று மில்லி! உடனே காடியை 2.70 ஆக்கினேன். இம்முறை எந்தத் துண்டும் உள்ளே போக மறுத்தது. சுத்தியலால் தட்டினேன். மூன்றாவது விலா எலும்பு ‘டப்’ என்று முறிந்தது. கடைசியில், அளந்த தடிமனோடு 0.05 முதல் 0.1 மி.மீ. வரை கூட்டிக்கொண்டால் விரல் அழுத்தத்துக்கு உள்ளே போய், தூக்கினாலும் விழாமல் நிற்கிறது என்று கண்டேன். உங்கள் பள்ளி ஆய்வகத்திலுள்ள வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு எவ்வளவு? 0.1 மி.மீ. ஓர் எலும்புக்கூடு நிற்பதும் சரிவதும் அந்த அளவியின் ஒரே ஒரு பிரிவுக்குள் அடங்கிவிடுகிறது.

இதோடு முடிந்ததா? சித்திரை வெயிலில் இலகுவாகச் செருகிய துண்டுகள் ஐப்பசி மழையில் பிடித்துக்கொண்டன. மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும். நார் ஓடும் திசையில் இந்த உப்பல் மிகக் குறைவு. குறுக்குத் திசையில்தான் அதிகம். ஒட்டுப் பலகையில் அடுத்தடுத்த தாள்களின் நார்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து ஒட்டுகிறார்கள். அதனால் நீளத்திலும் அகலத்திலும் ஒரு தாளின் உப்பலை இன்னொரு தாள் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் தடிமன் திசையில் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை! காடிக்குள் போவது அந்தத் தடிமன்தானே? முழுத் தேக்குப் பலகையில் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்தும் பார்த்தேன். நாருக்குக் குறுக்கே அமைந்த மெல்லிய விலா எலும்புகள் கையில் எடுத்ததுமே பிளந்தன. ஒட்டுப் பலகையின் குறுக்கு நார்கள்தான் அவற்றைக் காப்பாற்றுகின்றன.

இன்னொரு சங்கடம், மூலை. வெட்டுமுனை உருளை வடிவானது. என்னுடையதன் விட்டம் 3.175 மி.மீ. பலகையை விட்டு வெளிப்புறமாகச் சுற்றி வரும்போது கூரான மூலைகளை வெட்டிவிடும். ஆனால் உட்புற மூலைக்குள் அது எவ்வளவு முயன்றாலும் நுழைய முடியாது. ஒரு சிறு வட்ட வில்லை மிச்சம் வைத்துவிடும். வட்டமான கரண்டியால் சதுரப் பாத்திரத்தின் மூலையை வழித்துப் பாருங்கள், புரியும். எதிர்த் துண்டின் கூரான மூலை அந்த மிச்சத்தில் இடிக்கும். முழு ஆழத்துக்கு இறங்காது. வெட்டுமுனையின் விட்டம் காடியின் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பின்னர் 4 மி.மீ. பலகைக்கு மாறியதற்கு இதுவே காரணம்.

மூலைக்கு மருந்து என்ன? வெட்டுமுனையை மூலைவிட்டத் திசையில் சற்றே கூடுதலாகத் தள்ளி, மூலைக்கு அப்பால் ஒரு சிறு பள்ளம் எடுக்கச் சொல்ல வேண்டும். எவ்வளவு தள்ளுவது? ஆரம் ‘ஆ’ என்றால், வெட்டுமுனையின் மையத்திலிருந்து மூலைக்குள்ள தூரம் ஆ × √2. அதில் ‘ஆ’ அளவை வெட்டுமுனையே எட்டிவிடுகிறது. எஞ்சியது ஆ × (√2 – 1), அதாவது 1.5875 × 0.414, ஏறத்தாழ 0.66 மி.மீ. பிதாகரஸ் தேற்றம் எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்களிடம் இனி இதைக் காட்டுங்கள். காடியின் அடியில் இரு மூலைகளிலும் இப்படிப் பள்ளம் எடுத்தால், பார்ப்பதற்கு நாய் கடிக்கும் எலும்பின் முனைபோல் இருக்கும். தொழிலில் இதற்குப் பெயரே ‘டாக்போன்’, அதாவது நாய் எலும்பு! ராஜபாளையத்துக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு இந்தப் பெயரை நான் எப்படி ரசிக்காமல் இருப்பது?

லேசர் கதிரால் வெட்டினால் மூலைத் தொல்லை கிடையாது, விளிம்புதான் கருகிவிடும். கடைகளில் விற்கும் பெட்டிகளில் கருத்த விளிம்பைக் கண்டால் அது லேசர் வேலை என்று தெரிந்துகொள்ளலாம்.

எந்திரத்துக்கு எலும்பு தெரியுமா?

இப்படியாக ஒரு நாள் என் டைனோசர், டைரனோசாரஸ் ரெக்ஸ், இரண்டு காலில் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “சார், இந்த எலும்பெல்லாம் உண்மையிலேயே இப்படித்தான் கிடைச்சுதா? இல்ல, நீங்களா போட்டுக்கிட்டதா?”

நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியவில்லை. எங்கோ கிடைத்த ஒரு படத்தை வைத்து நான் வரைந்தேன், எந்திரம் வெட்டியது. சரியான எலும்பானாலும் கற்பனை எலும்பானாலும் எந்திரம் அதே பத்தில் ஒரு மில்லிமீட்டர் நேர்த்தியோடு வெட்டித் தந்துவிடும். அதற்கு வித்தியாசம் தெரியாது.

பதினோராம் வகுப்பில் நுட்பம், துல்லியம் என்று இரண்டு சொற்களைப் படிப்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல. சுழிப்பிழை உள்ள திருகு அளவியால் ஒரு கம்பியைப் பத்து முறை அளந்து பாருங்கள். பத்து முறையும் ஒரே விடை வரும். நுட்பம் பிரமாதம்! ஆனால் பத்து விடையும் தவறு. என் டைனோசருக்கும் அப்படி ஒரு சுழிப்பிழை இருக்குமோ?

இருந்தது. என் டைரனோசாரஸ் நிமிர்ந்து நின்று, வாலைத் தரையில் ஊன்றியிருந்தது. பழைய படங்களில் எல்லாம் இப்படித்தான். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1915-இல் டைரனோசாரஸை இந்த நிலையில்தான் நிறுத்தினார்கள். உலகெங்கும் பொம்மைகளும் புத்தகப் படங்களும் அதையே பின்பற்றின. இன்றோ முதுகு ஏறத்தாழத் தரைக்கு இணையாக இருக்க, தலை ஒருபுறமும் வால் மறுபுறமும் தராசுபோல் சமன் செய்ய, கால்கள் நடுவில் தாங்கின என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1990-களில் நியூயார்க் எலும்புக்கூட்டையே கழற்றி அப்படி மாற்றி நிறுத்திவிட்டார்கள்.

இதைவிடச் சுவையான கதை பெல்ஜியத்தில் நடந்தது. 1878-இல் பெர்னிசார் என்ற ஊரில், 300 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலுள்ள நிலக்கரிச் சுரங்கத்தில் இகுவானோடான் என்ற டைனோசரின் எலும்புக்கூடுகள் கூட்டமாகக் கிடைத்தன. 1882-இல் முதலாவதை நிறுத்தியபோது, கங்காருவைப்போல் வாலை ஊன்றி உட்கார்ந்த கோலத்தில் நிறுத்தினார்கள். ஆனால் அந்த வாலோ எலும்பாகிவிட்ட தசைநாண்களால் இறுகி நேராக இருந்த வால். கங்காரு வால்போல் வளைய வேண்டுமானால் அதை முறித்தாக வேண்டும்! எலும்பே ‘இது சரியில்லை’ என்று சொல்லியது. கேட்டுக்கொள்ள ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். டைரனோசாரஸின் பக்கத் தோற்றத்தைச் சதையோடு வரைந்து ஓர் அஞ்சலட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். விளிம்பில் ஓரிடத்தில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டு, அதே ஊசியில் நூலும் சிறு கல்லும் கட்டி, நூல் செல்லும் கோட்டைப் பென்சிலால் குறியுங்கள். இன்னோரிடத்தில் குத்தி மீண்டும் குறியுங்கள். கோடுகள் வெட்டும் புள்ளிதான் அட்டையின் ஈர்ப்பு மையம். அதிலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு பாதத்துக்குள் விழுகிறதா? வாலைப் பாதியாக வெட்டிவிட்டு மறுபடி பாருங்கள். மையம் முன்னே நகர்ந்து, விலங்கு மூக்குப்பட விழப் பார்க்கும். வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு திரிவதற்காக அது சுமக்கவில்லை. தலைக்கு எதிர் எடையாகச் சுமந்தது. ஒரு எச்சரிக்கை: அட்டையில் எல்லா இடமும் ஒரே கனம். உண்மையான விலங்கிலோ நெஞ்சுக்குள் காற்று நிறைந்த நுரையீரல் இருக்கும். அங்கே எடை குறையும். எனவே உங்கள் புள்ளி ஒரு தோராயம்தான்.

நம் மண்ணின் டைனோசர்கள்

அயல்நாட்டு டைனோசர் எதற்கு, நம் ஊரில் கிடைத்ததையே வெட்டுவோம் என்று அடுத்ததாக நினைத்தேன். கிருஷ்ணன்கோவிலில் தேடிப் பயனில்லை. மேற்கே தெரிகின்ற மலையும் நம் காலடிப் பாறையும் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. டைனோசர்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே உண்டானவை. எலும்பு தங்க வேண்டுமானால் சேறும் மணலும் படிந்து இறுகிய படிவுப் பாறை வேண்டும். அதற்கு நாம் அரியலூருக்குப் போக வேண்டும்.

அரியலூர்ப் பகுதியில் கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இருந்தது. சிமெண்டு ஆலைகளுக்காக இன்று தோண்டும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச்சென்ற சொத்து. இங்கே கிடைத்த எலும்புகளை வைத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1979-இல் ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள்: திராவிடோசாரஸ் பிளான்போர்டி. முதுகில் தகடுகள் வரிசையாக நிற்கும் ஸ்டெகோசாரஸின் உறவு என்றார்கள். எவ்வளவு அழகான புதிர் கிடைக்கும்! தகடுகளை வரையக்கூட ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் 1996-இல் வந்த மறுப்பைப் படித்தேன். அவை டைனோசரின் எலும்புகளே அல்ல, துடுப்புக் கால்களால் நீந்திய பிளீசியோசார் என்ற கடல் ஊர்வனவற்றின் எலும்புகள் என்று சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும் சொன்னார்கள். தகடு வெட்டுவதா, துடுப்பு வெட்டுவதா? எந்திரம் இரண்டுக்கும் தயார்.

அடுத்தது கல்லமேடு. அரியலூர் மாவட்டத்தில் உள்ள இந்தச் சிற்றூருக்கு அருகே, ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுப் பழைமையான படிவுகளில் சில மாபெரும் எலும்புகள் கிடைத்தன. அதே இருவரும் 1987-இல் அதற்கு பிருஹத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயரிட்டார்கள். ‘பிருஹத் காயம்’ என்றால் மிகப் பெரிய உடல். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம்! உங்கள் வகுப்பில் மிக உயரமான மாணவனை அதன் பக்கத்தில் நிறுத்தினாலும் எலும்பே ஜெயிக்கும். தொடை எலும்பின் கீழ் முனை 75 செ.மீ. அகலம். முதலில் இதை ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள் நான்கு காலில் நடந்த, நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்றார்கள். எடை 100 டன்னுக்கும் மேல் என்று மதிப்பிட்டவர்கள் உண்டு. அது சரியானால், உலகில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று நம் காவிரிப் படுகையில் நடந்திருக்கிறது.

இப்போது அந்த எலும்புகள் எங்கே? இல்லை. நீர் ஊறிய களிமண்ணில் நொய்ந்துபோய்க் கிடந்த எலும்புகள் அவை. எடுத்த பின் உதிர்ந்து அழிந்துவிட்டன. வரைபடங்களும் ஒரு சில நிழற்படங்களுமே மிச்சம். அந்த நிழற்படங்களில் சில 2022-இல்தான் வெளியாயின. அதுவரை, இவ்வளவு பெரிய எலும்பு இருக்க முடியுமா, இது கல்லாகிப்போன மரமாக இருக்குமோ என்றுகூடச் சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பக்கத்திலேயே பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி எழுதினார். இன்று அது பாதுகாக்கப்பட்ட தேசியப் புவியியல் சின்னம். மரம் கல்லாகி நிற்கிறது. எலும்போ மரமென்று ஐயுறப்பட்டு மண்ணோடு போய்விட்டது. நானோ மரத்தால் எலும்பு செய்ய உட்கார்ந்திருக்கிறேன்!

கல்லமேட்டில் கிடைத்தவை எவை? இடுப்பெலும்பின் ஒரு பகுதி, தொடை எலும்பின் ஒரு பகுதி, முழங்காலின் கீழ் எலும்பு, முன்னங்கை எலும்பு ஒன்று, வால் முள்ளெலும்பு ஒன்று. அவ்வளவே. தலை இல்லை, கழுத்து இல்லை, விலா இல்லை. ஐம்பது துண்டுப் புதிர் செய்தால் நாற்பத்தைந்து துண்டு என் ஊகம், அல்லது வேறு நாட்டில் கிடைத்த உறவு விலங்குகளிடமிருந்து வாங்கிய கடன்.

கடன் வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. அருங்காட்சியகங்களும் வாங்குகின்றன. கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஒரு டைனோசர் நிற்கிறது. புள்ளியியல் கழகத்தில் டைனோசருக்கு என்ன வேலை என்று வியப்பாக இருக்கும். அதை நிறுவிய மகலனோபிஸ் அடிப்படையில் இயற்பியல் பேராசிரியர் (இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை). எல்லா அறிவியலும் அங்கே நடக்க வேண்டும் என்று விரும்பியவர். கோதாவரிப் படுகையில் 1960-களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்த சுமார் 300 எலும்புகளைக் கொண்டு அதை 1977-இல் நிறுத்தினார்கள். பெயர் பாராபாசாரஸ் தாகோரி. வங்காளியில் ‘பொரோ பா’ என்றால் பெரிய கால். தொடை எலும்பு மட்டும் 1.7 மீட்டர். 1961 தாகூரின் நூற்றாண்டு. எனவே அவர் பெயரும் சேர்ந்தது. ஆனால் அந்த எலும்புகள் ஒரே விலங்குடையவை அல்ல; குறைந்தது ஆறு விலங்குகளுடையவை. மண்டையோடு கிடைக்கவே இல்லை. சில பற்கள்தாம் கிடைத்தன. ஆகவே அங்கே நீங்கள் காணும் தலை, அறிஞர்கள் ஊகித்துச் செய்த தலை.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இப்போது பதில் சொல்ல வழி கிடைத்தது. இரண்டு வகைப் பலகை வாங்கினேன். ஒன்று கருஞ்சிவப்பு மேல்தாள் ஒட்டியது. மற்றது வெளிறிய நிறம். உண்மையில் கிடைத்த எலும்புக்குக் கரும்பலகை. ஊகத்துக்கு வெளிர்ப் பலகை. பாராபாசாரஸ் பெரும்பாலும் கருமையாக, வெளிறிய தலையோடு நிற்கிறது. கல்லமேட்டு விலங்கிலோ ஒரு வெளிறிய பேருருவத்தின் நடுவே அங்கங்கே ஐந்து கரிய துண்டுகள். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், “அப்ப அஞ்சே அஞ்சுதானா சார்?” என்றாள். நான் பார்த்த எந்தப் புதிர்ப் பெட்டியிலும் இப்படி இரண்டு நிறம் இல்லை. ஏன் இல்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை. செலவு சில ரூபாய்தான் கூடும்.

அளவு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கல்லமேட்டு விலங்கு 35 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டு 1:50 அளவில் வெட்டினால் 70 செ.மீ. வரும். என் எந்திரத்தின் நீளம் 30 செ.மீ. தானே, முதுகுப் பலகையை மூன்றாக வெட்டி இணைத்தேன். படத்தைக் கணினியில் பெரிதாக்கினால் காடியும் சேர்ந்து அகலமாகிவிடும். பலகையோ அதே தடிமனில் இருக்கும். ஆகவே அளவை மாற்றும்போதெல்லாம் காடிகளைப் புதிதாக வரைய வேண்டும். இந்த அளவில் கால் எலும்பு 4 செ.மீ. நீளம், தொடை முனை 1.5 செ.மீ. அகலம். பொம்மைக்கு இவ்வளவு பருமன் அழகாக இல்லை என்று ஒல்லியாக்கத் தோன்றும். ஒல்லியாக்காதீர்கள்! விலங்கு எல்லாத் திசையிலும் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். எலும்பின் குறுக்கு வெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான். பெரிய விலங்குக்கு எலும்பு விகிதத்தை மீறிப் பருக்க வேண்டும் என்று கலிலியோ 1638-இலேயே எலும்புப் படம் போட்டு விளக்கினார். அந்தப் பருமன்தான் கல்லமேட்டின் சாட்சியம்.

எந்திரம் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். பழைய அட்டைப் பெட்டியும் கூரான கத்தியும் போதும். கத்தியைப் பெரியவர் துணையோடு பயன்படுத்துங்கள். அட்டையின் தடிமனை முதலில் வெர்னியர் அளவியால் ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். காடி அதற்குச் சற்றே குறைவாக இருக்கட்டும். அட்டை நசுங்கிக் கொடுக்கும். ஊகத் துண்டுகளை அட்டையின் நிறத்திலேயே விட்டுவிட்டு, கிடைத்த எலும்புகளுக்கு மட்டும் மை தீட்டுங்கள். அரியலூர்ப் பக்கம் போனால், வாரணவாசியிலுள்ள தொல்லுயிர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கிருந்து திரும்பியதும் உங்கள் பொம்மையில் எந்தத் துண்டுக்கு மை தீட்டுவது, எதன் மையை அழிப்பது என்று ஒரு பட்டியல் போட்டு எனக்கு எழுதுங்கள். திராவிடோசாரஸுக்கு நான் இன்னும் எந்தப் பலகையையும் வெட்டவில்லை.